கடல் கடந்து நம்மவரைக் காண

(பொன்விழா ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பங்கின் மறைபரப்புக் குழு சார்பில் ஆற்றிய உரை)



பொன்விழாவை முன்னிட்டு நமது குழு இலங்கையின் மலைநாட்டுக்கு ஒரு பயணம் மேற்கொள்ள எண்ணியிருப்பது தாங்கள் அறிந்ததே. அதைப் பற்றிக் கோயில் முற்றத்தில் நடக்கும் பேச்சும் எங்கள் காதுக்கு எட்டாமல் இல்லை. "இது மறைபரப்புப் பயணமா, மாமன் வீட்டு விருந்தா?" என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விடை சொல்லவே இன்று வந்து நிற்கிறோம்.

இந்த நீலகிரியில் நமக்கு ஒரு பங்கு எப்படி உருவாயிற்று என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அன்று இலங்கைத் தோட்டங்களில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காகிதத்தில் இது எளிய கணக்கு. ஒரு லயத்துக்குள் அந்தக் கணக்கு நுழைந்தபோது அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், தம்பி இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். தாய் ஒரு பக்கம், கட்டிக் கொடுத்த மகள் ஒரு பக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்து, இங்கே அரசு தொடங்கியிருந்த தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள்தாம் நம் பங்கின் முதல் குடும்பங்கள். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று. கடிதங்கள் சில ஆண்டுகள் வந்தன. பிறகு அவையும் குறைந்தன.

ஆகவே, போகிற ஊரில் உறவினர் இருப்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் உறவைத் தேடிப் போவதும் மறைபரப்புப் பணியாகாதா? புனித யோசேப் வாஸ் அடிகளாரை எண்ணிப் பார்ப்போம். கோவாவில் பிறந்த அந்தக் குரு, டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில், தமிழ் கற்றுக்கொண்டு, 1687இல் தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்குக் கடல் கடந்தார். போய் முதலில் செய்த வேலை என்ன? மேய்ப்பரின்றிச் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரை வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடித்ததுதான். கண்டியில் அவரை ஒற்றன் என்று சிறையிலும் வைத்தார்கள். அம்மை நோய் பரவியபோது பிறர் ஓடிய இடத்தில் அவர் நின்று நோயாளிகளைக் கழுவித் துடைத்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். நாங்கள் பத்து நாளில் திரும்பி வரப்போகிறவர்கள். அவரோடு எங்களை ஒப்பிடவில்லை. ஆனால் தேடிப் போவதுதான் தொடக்கம் என்பதை அவரிடமிருந்தே கற்றோம்.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதலில் நாங்கள் துணிமணிகளும் பாத்திரங்களும் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று பேசினோம். நல்லவேளை, எதையும் சேர்க்குமுன் அங்குள்ள பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதி, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டோம். பதில் சுருக்கமாக வந்தது. பழைய துணி வேண்டாம். பாடற்குழுப் பிள்ளைகளோடும் மறைக்கல்வி ஆசிரியர்களோடும் சில நாள் உட்கார ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பங்கில் உள்ளவர்கள் தேடுகிறவர்களின் பெயர்கள் வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தாய் தந்தை பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் உண்டு. தோட்டத்தின் பெயரும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தால் ஏட்டைப் புரட்டலாம். ஏட்டிலிருந்து வீட்டுக்குப் போகலாம். இடம் மாறியிருப்பார்கள், இறந்துமிருப்பார்கள். அதையும் கேட்டு வந்து சொல்வதற்கு ஒருவர் போகத்தானே வேண்டும்?

அங்கே நாங்கள் போதனைக் கூட்டம் எதுவும் நடத்த மாட்டோம். சுற்றுலா அனுமதியில் சென்று சமயப் பிரசாரம் செய்வது அந்நாட்டு விதிக்கு மாறானது. அத்துடன் பௌத்தரும் இந்துக்களும் இசுலாமியரும் அண்டை அயலாக வாழும் ஊரில், விருந்தாளியாகப் போய் ஒலிபெருக்கி கட்டுவது நமக்கு அழகுமல்ல. ஞாயிறு திருப்பலியில் அம்மக்களோடு முழங்கால் இடுவோம். சிங்களத்தில் ஒரு பாடல் கற்றுக்கொண்டு போகவும் முயல்கிறோம். இதுவரை ராகம் வந்திருக்கிறது, வார்த்தைதான் வரவில்லை.

இன்னொன்று. தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கொழுந்து எடுக்கும் பெண் குறித்த நிறையை எடுக்காவிட்டால் அவளுக்கு அரைப் பேர்தான் விழும். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று மாலை மரியாதைக்காக அவர்கள் மலையை விட்டு இறங்கி வந்தால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே வார நாட்களில் மாலை ஐந்துக்கு மேல்தான் லயங்களுக்குப் போவது, எந்த வரவேற்பும் ஏற்பதில்லை என்று முன்கூட்டியே எழுதிவிட்டோம். சாயத் தண்ணீர் கொடுத்தால் குடிப்போம். யார் மலைத் தேயிலை சிறந்தது என்ற வழக்கை மட்டும் அங்கே எடுக்கக் கூடாது என்று குழுவினருக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்!

காலத்தைப் பொறுத்தவரை, அட்டன் பக்கம் மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், மண்சரிவும் உண்டு. எனவே பிப்ரவரி என்று முடிவு செய்தோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட்டதும் பெரியவர்கள் சிலர், "கப்பலில் வந்தோம், கப்பலிலேயே போவோம்" என்றார்கள். ஆசை நியாயமானது. ஆனால் அது யாழ்ப்பாணத்தின் வடகோடியில் இறக்கிவிடும். அங்கிருந்து மலைநாட்டுக்கு நீண்ட தரைவழி. காற்று மழைக்கு ஏற்பக் கப்பல் நிற்பதும் உண்டு. ஆகவே திருச்சியிலிருந்து விமானம், கொழும்பிலிருந்து வேன்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசிவிடுவோம். மறைக்கல்விக் கூடத்தின் கூரை ஒழுகும்போது பயணம் எதற்கு என்று ஒரு சகோதரர் பேரவையில் எழுந்து கேட்டார். அவர் கேட்டது சரி. பொன்விழா நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இப்பயணத்துக்கு எடுக்கப்படாது. கூரைக்கே அது போகும். போகிற 14 பேரும் தங்கள் செலவைத் தாங்களே ஏற்கிறார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. தேட ஆள் உள்ளவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், கையில் பணம் இல்லாதவர்கள். பணம் உள்ள இளையவர்களுக்கோ தேட ஒருவரும் இல்லை. பணம் உள்ளவர் மட்டும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதானால் இப்பயணம் வேண்டாம் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னோம். நெடு விவாதத்துக்குப் பின், ஒவ்வொருவரும் தம் பங்கோடு சற்றுக் கூடுதலாகக் கட்டி, முதியோர் மூவரை அழைத்துச் செல்வதென முடிவாயிற்று. மூவர் போதுமா என்றால் போதாது. இவ்வாண்டு இயன்றது இதுதான்.

அந்த மூவருக்கும் பாஸ்போர்ட் வேலை தொடங்கிவிட்டது. பிறந்த இடம் இலங்கை என்பதால் கேள்விகள் கூடுதலாக வருகின்றன. அன்று தாயகம் திரும்பும்போது கொடுத்த பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எலிக்கும் கரையானுக்கும் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் அவை தேவைப்படும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் மாதத்தில் மறுபடி விசாரித்துக்கொள்வோம்.

இப்போது எங்கள் வேண்டுகோள். கோயில் வாசலில் புனித அந்தோனியார் சுரூபத்தின் அருகே ஒரு மேசையும் நோட்டும் வைத்திருக்கிறோம். தேட வேண்டியவரின் பெயர், வீட்டில் அழைத்த பெயர், தாய் தந்தை பெயர், தோட்டம், டிவிஷன், கடைசியாகக் கடிதம் வந்த ஆண்டு, இவற்றை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இளைஞர் இயக்கத்தார் எழுதித் தருவார்கள். இந்து உறவினரைத் தேடுவோரும் எழுதலாம். கோயில் ஏட்டில் அவர்கள் இல்லாவிட்டாலும், லயத்தில் விசாரித்தால் தெரியும். நோட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே இருக்கும். பழைய படம் இருந்தால் மூலத்தைத் தர வேண்டாம், பிரதி எடுத்துக் கொடுங்கள்.