ஆராய்ச்சிக் கல்வியும் ஆசிரியத் தொழிலும்

(நமது சங்கக் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



1984-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் நேஷனல் இஞ்சினீயரிங் காலேஜ் ஏற்பட்டது முதல், இஞ்சினீயரிங் படிப்பிற்கென்று பிள்ளைகளைத் தூரதேசம் அனுப்பியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் நமக்கில்லை. பி.ஈ. படித்தோர் நம் குடும்பங்களில் பலர். ஆனால் அதற்கு மேல் எம்.ஈ. என்றும், டாக்டர் பட்டம் என்றும், கலாசாலை ஆசிரியராக வேண்டும் என்றும் பிள்ளை வாய் திறந்தால் பெற்றோர் முகம் வாடுகின்றது. “இன்னும் எத்தனை வருஷம்? கலியாணம் எப்பொழுது? கடன் அடைப்பது எப்பொழுது?” என்கின்றனர். மானாவாரிப் புஞ்சையை நம்பிய வீட்டில் இக்கேள்வி நியாயமானதே.

பணத்தைப் பற்றி முதலிற் கூறிவிடுகின்றேன். ‘கேட்’ பரீட்சையில் தேறி, அங்கீகாரம் பெற்ற கலாசாலையில் எம்.டெக். சேருவோர்க்கு மாதம் ரூ. 12,400 உதவித்தொகை உண்டு. மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி உதவி பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் ரூ. 37,000, ஈராண்டு கழித்து ரூ. 42,000. சொந்தச் செலவில் ஆராய்ச்சி செய்வோர் நிலை வேறு. இடம் தேடும்பொழுதே இதனை விசாரித்துக்கொள்வது உத்தமம்.

இனி, அவ்வருஷங்கள் ஒருவனை ஆசிரியத் தொழிலுக்கு எவ்வாறு பக்குவப்படுத்துகின்றன என்று பார்ப்போம். பி.ஈ. வகுப்பில் கேள்வியைப் பிறர் தருகின்றனர். விடையும் புத்தகத்தில் இருக்கின்றது. ஆராய்ச்சியிலோ கேள்வியையே தான் தேட வேண்டும். கரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1929-இல் பிறந்த டாக்டர் வா. செ. குழந்தைசாமி அவர்கள் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் 1964-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் யாதெனில், பெய்யும் மழைக்கும் ஓடும் நீருக்கும் உள்ள சம்பந்தமே. மழை இருமடங்கானால் ஓடுநீரும் இருமடங்காகும் என்று 1932 முதல் ஒரு சுலபக் கணக்கு வழங்கிவந்தது. இயற்கை அவ்வளவு நேர்க்கோடாய் நடப்பதில்லை என்பதே அவர் ஆராய்ச்சியின் சாரம்.

நம் கரிசற்காட்டுச் சம்சாரிக்கு இது புதிதன்று. கோடையில் பாளம் பாளமாய் வெடித்த நிலத்தில் முதல் மழை வெடிப்புக்குள் இறங்கி மறைந்துவிடும். கண்மாய்க்கு ஒரு சொட்டும் வாராது. மண் ஊறி வெடிப்பு மூடியபின் அதே அளவு மழை கண்மாயை நோக்கிப் பாய்ந்தோடும். சம்சாரி கண்ணாற் கண்டதை அளந்து, சமன்பாடாக்கி, பிறர் சோதித்துப் பார்க்கும்படி எழுதுவதே ஆராய்ச்சி. நம் வீட்டுச் சுவர்கள் விரிசலிடுவதற்கும் இக்கரிசல் மண் ஊதிச் சுருங்குவதே காரணம். அம்மண்ணில் அஸ்திவாரம் இடுவதைக் குறித்து மட்டும் எத்தனையோ இஞ்சினீயர்கள் டாக்டர் பட்டம் பெற்றிருக்கின்றனர். விஷயம் நம் வாசலிலேயே கிடக்கின்றது.

இவ்வேலையில் பரிசோதனை மாதக்கணக்காய்ப் பொய்க்கும். எழுதியனுப்பிய கட்டுரை குறைகூறித் திருப்பப்படும். அதைப் பொறுத்துத் திரும்ப எழுதும் பழக்கமே பிற்காலத்தில் மாணவனின் தவறான விடையைப் பொறுமையுடன் நோக்கச் செய்வது என்பது என் அபிப்பிராயம். குழந்தைசாமி அவர்கள் தாயகம் திரும்பி, கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் ஆசிரியராய் விளங்கி, 1981 முதல் 1990 வரை அண்ணா சர்வகலாசாலைத் துணைவேந்தராகவும் இருந்தார். ‘குலோத்துங்கன்’ என்ற பெயரில் தமிழ்க் கவிதையும் எழுதினார். கணக்குக் கற்றவர்க்குத் தமிழ் வாராது என்போர் இதைக் கவனிப்பாராக!

ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. ஆராய்ச்சிக் கல்வி ஆராயக் கற்பிக்குமேயன்றி, அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் பாடம் சொல்லக் கற்பிப்பது அரிது. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் உதவித்தொகை பெறுவோர் வாரம் எட்டு மணி நேரம் வரை பேராசிரியர்க்குத் துணையாய் ஆய்வுக்கூடம் நடத்தவும் விடைத்தாள் திருத்தவும் வேண்டியுள்ளது. பலர் அதனைத் தண்டனையாக எண்ணிக் கழிக்கின்றனர். ஆசிரியனாக விரும்புவோன் அங்கேதான் தொழில் பழக வேண்டும்.

2019-ஆம் ஆண்டு விதிகளின்படி உதவிப் பேராசிரியராக எம்.ஈ. போதும், இணைப் பேராசிரியராக டாக்டர் பட்டம் வேண்டும். இதனால் உயர்வுக்காக மட்டும் பட்டம் தேடுவோரும் மலிந்துவிட்டனர். உத்தியோகமும் பட்டத்துடன் ஒட்டிக்கொண்டு வருவதன்று. மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்றும் இல்லாத பிள்ளையை இவ்வழியில் தள்ளவேண்டாமென்று பெற்றோரை வேண்டுகின்றேன். கேள்வி உள்ள பிள்ளையை, பெண்ணாயினும் ஆணாயினும், கலியாணத்தைக் காட்டித் தடுக்கவும் வேண்டாம்.

இதுபற்றி மேலும் வினவ விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் என்னிடம் வரலாம். மார்க்குப் பட்டியலை மட்டும் கொண்டுவராமல், பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள்.