குடிவழிக் கோப்புகளும் படியெடுத்தலும்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையை விடுத்துக் கணினிக் கோப்புகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள்க. நம் உறுப்பினர் சிலர் தத்தம் குடிவழி வரலாற்றைத் தொகுத்து வருகின்றனர். ஊர்தோறும் சென்று முதியோரிடம் கேட்டறிந்த செய்திகள் அவை. சொன்னவர்களுள் பலர் இன்று இல்லை. கோப்பு அழிந்தால் மறுபடியும் கேட்டு எழுத ஆளில்லை என்பதே என் கவலை.

படியெடுத்தல் நமக்குப் புதிதன்று. ஓலை செல்லரிக்கும், ஓரம் முறியும். ஆகவே பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொண்டு, பழையதை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. பின்னாளில் எழுதுவதை விட்டார்கள். ஆற்றில் விடுவதை மட்டும் விடவில்லை! 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததென்றால், அதன் ஏடுகள் பல இடங்களில் பிழைத்திருந்தமையே காரணம்.

அயர்லாந்தின் கதை இதனினும் கடுமையானது. 1922 சூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரத்து அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கு ஏடுகளுள் மிகச் சிலவே எஞ்சின. பல நூற்றாண்டு உயில்களும், பாதுகாப்புக்கென்று அங்கே ஒப்படைக்கப்பட்ட தேவாலயப் பதிவேடுகளும் சாம்பலாயின. அனுப்புமுன் படியெடுத்து வைத்த பாதிரியார்களின் ஊர்களில் மட்டும் பெயர்கள் பிழைத்தன. வில்லியம் பெத்தம் என்னும் குலமரபு அறிஞர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய உயில்களிலிருந்து இன்னார் மகன் இன்னார் என்று குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். மூலம் எரிந்தபின் அக்குறிப்பே மூலமாயிற்று. இத்தகைய படிகளை உலகெங்கும் தேடித் திரட்டி, நூறாண்டு கழித்து 2022இல் அக்காப்பகத்தை இணையத்தில் மீட்டெழுப்பத் தொடங்கினர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது நாம் இழந்ததை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அச்சு நூல்களுக்கு வேறிடத்தில் படி இருக்கலாம். ஒற்றை ஏட்டுக்கு ஏது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரே கணினியில் இரண்டு இடங்களில் சேமிப்பது இரண்டு படியாகாது. கணினி பழுதானால் இரண்டும் போம். இணையச் சேமிப்பகத்தோடு தானாக ஒத்தியங்கும் ஏற்பாடும் முழுக் காவலன்று. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். மூன்று படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் ஊரில், உடன்பிறந்தார் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருத்தல் நன்று. 2015 திசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம் கணினியையும் அதனருகே வைத்த வன்தட்டையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

தமிழருக்கென்றே தனியாக ஓர் இடர் உண்டு. 1990களில் தட்டெழுதியோர் பாமினி முதலிய எழுத்துருக்களைக் கொண்டு எழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பாட்டனார் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு பத்திரமாகவே இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை! அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, ஒருமுறை வரிவரியாக ஒப்புநோக்க வேண்டும். மாற்றிகள் சில இடங்களில் ஒற்றையும் கொம்பையும் விழுங்கிவிடுவதுண்டு; குறிப்பாக ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். ஒலிநாடாவிலும் நெகிழ்வட்டிலும் உள்ளவற்றை, இயக்கும் கருவி கிடைக்கும்போதே மாற்றிவிடுங்கள். குடிவழி மென்பொருளைப் பயன்படுத்துவோர் எந்த மென்பொருளும் திறக்கத்தக்க கெட்காம் வடிவிலும் ஒரு படி வைத்துக்கொள்க. தாளில் அச்சிட்ட படியும் ஒன்று இருக்கட்டும். அதற்கு மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

கடவுச்சொல் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதைக் கோப்புக்குரியவர் மட்டுமே அறிந்திருத்தல் போதாது. வீட்டில் இன்னொருவரும் அறிய வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு படியையும் திறந்து பார்க்கவும் வேண்டும். பொங்கலுக்கு முன் பரண் துடைக்கும் நாள் அதற்குப் பொருத்தம்.

நம் வட்டத்து நூலக அலமாரியில் ஒரு தட்டை இதற்கென ஒதுக்குமாறு செயலாளரை வேண்டுகிறேன். உறுப்பினர்கள் தம் படியொன்றை உறையிலிட்டு, பெயரும் நாளும் எழுதி ஒப்படைக்கலாம். உயிரோடிருப்போரைப் பற்றிய செய்திகளை மட்டும் நீக்கிவிட்டுத் தாருங்கள்.