"ஒன்றும் செய்யாது" என்று சொன்னோம்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



கொரோனாக் காலத்தில் நாங்கள் செய்த தடுப்பூசிப் பணியைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். எத்தனை பேருக்குப் போட்டோம், எத்தனை கிராமங்களுக்குப் போனோம் என்பதையெல்லாம் அந்தந்த வருட அறிக்கையில் வாசித்திருப்பீர்கள். அறிக்கையில் நாங்கள் எழுதாமல் விட்ட காரியம் ஒன்று உண்டு. இன்று அதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

முதலில் தயங்கியவர்கள் கிராமத்து ஜனங்கள் அல்ல, நாங்களேதான்.

2021 ஜனவரி 16-ம் தேதி நம் தேசத்தில் தடுப்பூசி போடும் பணி ஆரம்பமாயிற்று. சுகாதாரப் பணியாளருக்கே முதல் இடம். எங்கள் ஊழியர் எல்லாருடைய பெயரையும் முன்னதாகவே பதிவு செய்திருந்தோம். எங்கள் முறை வந்த அன்று பாதிப் பேரைக் காணவில்லை. ஒருத்திக்கு அக்கா வீட்டில் விசேஷம், ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருவருக்குத் திடீரென்று ஊரில் வயல் வேலை. பத்து மாதங்களாக வார்டில் கொரோனா நோயாளிகளின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் இவர்கள். வியாதிக்குப் பயப்படாதவர்கள் ஊசிக்குப் பயந்தார்கள்.

அன்று மாலை அவர்களை உட்காரவைத்துப் பேசினோம். அவர்கள் கேட்ட கேள்விகளைத் தள்ளிவிட முடியவில்லை. "ஒரு தடுப்பூசி வெளிவரப் பல வருடங்கள் ஆகும் என்று நீங்கள்தானே நர்சிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்தீர்கள்? இது எப்படி ஒரே வருடத்தில் வந்தது?" என்று கேட்டாள் ஒரு பெண். நியாயமான கேள்வி. கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரியிலேயே உலகத்துக்கு வெளியிடப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வியாதிக்காக அதே முறையில் ஒரு தடுப்பூசியை ஏற்கெனவே செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டப் பரிசோதனை முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்குவது வழக்கம். இம்முறை ஒன்றோடொன்று சேர்த்து நடத்தினார்கள். முடிவு தெரியுமுன்னே நஷ்டத்துக்குத் துணிந்து தயாரிக்கவும் தொடங்கினார்கள். நேரம் மிச்சமானது இப்படித்தான். இதை நாங்கள் விளக்கியபோது சிலர் தலையசைத்தார்கள்.

அடுத்த கேள்விக்குத்தான் எங்களிடம் நல்ல பதில் இல்லை. கோவேக்சினுக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனையின் பலன் வெளிவருமுன்னே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதைப் போட்டுக்கொள்பவர்கள் ஆரம்ப வாரங்களில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் கையெழுத்து வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். எங்களிடமே ஒருவர் கையெழுத்துக் கேட்டபோது பேனா ஓடவில்லை. அந்தத் தடுப்பூசியின் பலன் 77.8 சதவீதம் என்று 2021 நவம்பரில் பிரசுரமாயிற்று என்பது உண்மை. ஜனவரியில் அது யாருக்குத் தெரியும்? முடிவு வரும்வரை பொறுத்திருந்தால் இத்தனை சந்தேகம் எழும்பியிராது என்பதே இன்றும் எங்கள் எண்ணம்.

கடைசியில் மேட்ரன் அம்மா எழுந்துபோய் முதலாவதாகப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் சமையலறையில் வேலை செய்யும் அம்மா. மறுநாள் இருவரும் வேலைக்கு வந்ததைப் பார்த்தபிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அப்போது அனுமதியில்லை. மே மாதத்தில்தான் கொடுக்கலாம் என்றார்கள். கர்ப்பிணிகளுக்கு ஜூலையில். ஒரு டோஸுக்கும் அடுத்த டோஸுக்கும் இடையே 4 வாரம் என்றார்கள், பிறகு 6 முதல் 8 என்றார்கள், பிறகு 12 முதல் 16 என்றார்கள். புதிதாகத் தெரிந்ததை வைத்து மாற்றினார்கள். ஆனால் வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, நேற்று ஒன்று இன்று ஒன்று பேசுகிறவர்களாகத்தான் நாங்கள் தெரிந்தோம்.

ஏப்ரல் மாதம் 45 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தாரோடு சேர்ந்து கிராமங்களுக்குப் புறப்பட்டோம். எங்களைச் சுற்றியுள்ள ஊர்கள் பீடி சுற்றும் ஊர்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காலையில் தட்டை மடியில் வைத்தால் சாயங்காலம்வரை விரல் ஓயாது. பீடிக்கடையில் கொடுத்த இலைக்கும் தூளுக்கும் எண்ணிக்கை குறையாமல் கட்டிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் கூலியும் குறையும்.

இங்கேதான் எங்கள் தவறு. காய்ச்சல் வரும், கை வலிக்கும் என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். ஆகவே எல்லா வீட்டிலும், "எறும்பு கடித்த மாதிரிதான், ஒன்றும் செய்யாது" என்று சொன்னோம். எங்கள் ஊழியர் அத்தனை பேருக்கும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்திருந்தது. தெரிந்தே சொன்னோம். நல்ல நோக்கத்தோடுதான் சொன்னோம் என்று அப்போது எங்களுக்கு நாங்களே ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

முதல் முகாமில் முப்பது பேருக்குமேல் போட்டுக்கொண்டார்கள். அன்றிரவே பலருக்குக் காய்ச்சல். மறுநாள் பலரால் இடது கையைத் தூக்க முடியவில்லை. இலையைப் பிடிக்க இடது கை வேண்டும், சுற்ற வலது கை வேண்டும். அடுத்த வாரம் நாங்கள் போனபோது தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஏ நர்ஸம்மா, ஒன்னும் செய்யாதுன்னு சொன்னியளே. மூணு நாளா தட்டத் தொடல. அந்தக் கூலிய யாரு குடுப்பா?" என்று கேட்டார்கள். நாங்கள் பதில் சொல்லாமல் திரும்பினோம்.

அதே வாரத்தில் நடிகர் விவேக்கின் மரணம். ஜனங்கள் பயப்படாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே அவர் 2021 ஏப்ரல் 15-ம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரியப் போட்டுக்கொண்டார். 17-ம் தேதி இறந்துபோனார். இருதயத்தின் முக்கிய இரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக வைத்தியர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிபுணர் குழுவும் ஆராய்ந்து சொல்லிற்று. அந்த அறிக்கை அக்டோபரில் வெளிவந்தது. வாட்ஸ்அப் செய்தியோ அரை மணி நேரத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. வைத்தியர்களின் விளக்கத்தை எடுத்துச் சொல்ல நாங்கள் போனால், "இதுவும் எறும்புக் கடியா?" என்று கேட்டார்கள்.

நம்முடைய சபைகளையும் சொல்ல வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 13-ம் அதிகாரத்தில் வரும் மிருகத்தின் முத்திரை இதுதான் என்றும், ஊசிக்குள் சில்லு வைத்திருக்கிறார்கள் என்றும் பேச்சு பரவியது. 91-ம் சங்கீதம் இருக்க ஊசி எதற்கு என்றவர்களும் உண்டு. எங்கள் பக்கத்து ஊர்ப் போதகர் ஐயா ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "அந்த அதிகாரத்தில் சொல்லியிருப்பது வலது கையும் நெற்றியும். நர்ஸம்மா போடுவது இடது தோளில்" என்றார். சபையார் சிரித்துவிட்டார்கள். பிறகு, அந்த முத்திரை யாரை வணங்குகிறோம் என்பதைப் பற்றியது, வைத்தியத்தைப் பற்றியது அல்ல என்று பொறுமையாக விளக்கினார். "91-ம் சங்கீதத்தை வாசித்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடாமலா படுக்கிறீர்கள்?" என்றும் கேட்டார். அவர் சபையில் அதற்குப்பிறகு இந்தப் பேச்சு அவ்வளவாக இல்லை. எல்லாச் சபைக்கும் அப்படி ஒரு ஐயா கிடைக்கவில்லை.

மே மாதம் இரண்டாம் அலை வந்தது. 21-ம் தேதி மாத்திரம் தமிழ்நாட்டில் 36,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா என்று அறிவிக்கப்பட்டது. எங்கள் கட்டில்கள் நிறைந்து, வராந்தாவிலும் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்தோம். திண்ணையில் உட்கார்ந்து கூலி கேட்ட அந்த அம்மாவுக்கு முதல் டோஸுக்குப் பிறகு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அவர்கள் பட்டதைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ள மறுத்த அவர்களுடைய தங்கையைக் கொண்டுவந்தார்கள். ஆறாம் நாள் அந்தச் சகோதரி இறந்துபோனார்கள். மகள் அழவில்லை. எங்களைப் பார்த்து, "பெரியம்மாட்ட நீங்க சொன்னது பொய்யாப் போச்சு. அதான் நீங்க மறுபடி வந்து சொன்னத எங்கம்மா நம்பல" என்றாள். தடுப்பூசி போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றிரவு எங்களில் பலருக்குத் தூக்கம் வரவில்லை.

சில நாட்கள் கழித்து, வேலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு மாலையில், ஓய்வு பெற்ற பிறகும் எங்களோடு இருக்கிற மூத்த டாக்டர் ஒரு பழைய காரியத்தைச் சொன்னார். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அந்தக் கொள்ளைநோய் அடங்குமுன் நம் தேசத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் மாண்டார்கள். ஒடெஸாவில் பிறந்த யூதரான ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் வேலை செய்து சில மாதங்களில் ஒரு தடுப்பூசியைத் தயாரித்தார். 1897 ஜனவரி 10-ம் தேதி அதை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். மற்றவர்களுக்குக் கொடுக்க நினைத்ததைவிட அதிக அளவு. அவருக்குக் காய்ச்சல் வந்தது, வலியும் வந்தது. பிறகே மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

அப்போதும் ஜனங்கள் பயந்தார்கள். ஊசி ஒரு கஜ நீளம், போட்டவுடன் சாவு என்றெல்லாம் வதந்தி. அதற்குக் காரணம் இருந்தது. பிளேக்கை ஒழிக்கிறோம் என்று சர்க்கார் சிப்பாய்களை வீடுகளுக்குள் அனுப்பியது. பெண்களை அன்னிய ஆடவர் சோதித்தார்கள். பூனாவில் ஜனங்களுக்கு மூண்ட கோபத்தில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22-ம் தேதி சுடப்பட்டார். கதவை உதைத்துத் திறந்தவர்கள் மருந்தைக் கொண்டுவந்தால் யார் கையை நீட்டுவார்கள்? அந்த நாட்களில்தான் இருபது வயதுகூட நிரம்பாத ஆகா கான், தம் சமூகத்தார் கண்முன் ஹாஃப்கினுடைய ஊசியைப் போட்டுக்கொண்டார். அவர்களுடைய பயம் குறைந்தது.

அதோடு கதை முடியவில்லை. 1902 அக்டோபர் 30-ம் தேதி பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். 19 பேர் டெட்டனஸ் வியாதியால் இறந்தார்கள். அந்த 19 பேருக்கும் ஒரே குப்பியிலிருந்து மருந்து எடுக்கப்பட்டிருந்தது. பழி ஹாஃப்கினுடைய ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது, அவர் வேலையிலிருந்து விலக்கப்பட்டார். கிராமத்தில் குப்பியைத் திறந்தபோது நேர்ந்த அசுத்தமே காரணம் என்பதற்குச் சாட்சிகள் இருந்தும், ரொனால்ட் ராஸ் முதலான விஞ்ஞானிகள் எழுதிப் போராடி 1907-ல்தான் அவர்மேல் இருந்த பழி நீங்கியது. அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் அவர் பெயரையே வைத்தார்கள். பம்பாய்க்குப் போனால் இன்றும் பார்க்கலாம்.

டாக்டர் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அந்த மனிதர் தனக்குக் காய்ச்சல் வந்ததை மறைக்கவில்லை. நாம் மறைத்தோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் அந்த ஊருக்கே திரும்பிப் போனோம். கோயில் முன்னால் உள்ள வேப்பமரத்தடியில் எல்லாரையும் கூட்டி, நாங்கள் சொன்னது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோம். இந்த முறை உள்ளதைச் சொன்னோம். ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரும், கை வலிக்கும். போட்டபின் அரை மணி நேரம் உட்கார வேண்டும். போட்டாலும் கொரோனா வரலாம், ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படும் அளவுக்கு முற்றுவது வெகுவாகக் குறையும். கோவிஷீல்டு போட்டவர்களில் மிகவும் அபூர்வமாகச் சிலருக்கு இரத்தம் உறைந்திருக்கிறது. மே மாதம் நம் அரசாங்கத்தின் குழு சொன்ன கணக்குப்படி பத்து லட்சம் டோஸுக்கு 0.61, அதாவது ஒன்றுக்கும் குறைவு. சில நாட்கள் கழித்துக் கடுமையான தலைவலியோ, மூச்சுத்திணறலோ, கால் வீக்கமோ வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றோம்.

இரத்தம் உறைவதைச் சொன்னால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள் என்று எங்களில் சிலர் பயந்தோம். இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் போடாமல் ஒரு வாரம் விட்டுப் போட்டுக்கொண்டால் தட்டு ஓயாது என்று யோசனை சொன்னது அந்தப் பெண்கள்தான். படித்த எங்களுக்கு அது தோன்றவில்லை. ஆனால் அவர்கள் மனம் ஒப்பி வந்த நாட்களில் தடுப்பூசி தட்டுப்பாடு! வரிசையில் நின்றவர்களைப் பலமுறை வெறுங்கையாகத் திருப்பி அனுப்பினோம். 

செப்டம்பர் 12-ம் தேதி அரசாங்கம் பெரிய முகாம்களை ஆரம்பித்தபின் நிலைமை சீரானது. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினார்கள். ஞாயிறன்று கறியும் மதுவும் எடுத்துக்கொள்கிறவர்கள் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். நமக்கு ஆராதனைக்குப் போக வசதியாயிற்று, காரணம் என்னவாயிருந்தாலும்.

இறந்துபோன சகோதரியின் மகள் எங்கள் மேசைக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த அரசு முகாமில் போட்டுக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

2024-ல் மறுபடியும் ஒரு கலக்கம். இந்தத் தடுப்பூசியால் அபூர்வமாக இரத்தம் உறையக்கூடும் என்று அஸ்ட்ராசெனகா கம்பெனி இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகத் தொலைக்காட்சியில் ஓயாமல் சொன்னார்கள். போட்டு மூன்று வருடம் ஆனவர்கள் பயந்துபோய் வந்து, "எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். அது ஊசி போட்ட முதல் சில வாரங்களுக்குள் வருவது, இனிப் பயமில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினோம். அந்த ஊரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். அந்தத் திண்ணை அம்மா மாத்திரம் வந்தார்கள். நாங்களாகவே அந்தச் செய்தியை எடுத்தோம். "அதான் வேப்பமரத்தடியில அன்னைக்கே சொன்னியளே" என்று சொல்லிவிட்டு, பிரஷர் மாத்திரைச் சீட்டை நீட்டினார்கள்.