நம்பிக்கைக்கு ரத்தம் என்று பெயர்

நல்லதே நடக்கும் என்று எதிர்பார்க்கிறவரை ஆங்கிலத்தில் 'சாங்க்வின்' என்பார்கள். லத்தீனில் 'சாங்குவிஸ்' என்றால் ரத்தம். நம்பிக்கைக்கும் ரத்தத்துக்கும் என்ன உறவு?

அந்தக் கால ஐரோப்பிய வைத்தியர்கள் உடம்பில் நான்கு நீர்கள் இருப்பதாக நம்பினார்கள். ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம். (நம் சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றுதான், ரத்தம் ஏழு தாதுக்களில் ஒன்று.) ரத்தம் மிகுந்தவன் முகம் சிவந்திருக்கும், எதற்கும் கலங்கமாட்டான் என்றார்கள். அந்த வைத்தியம் போய்விட்டது. சொல் நின்றுவிட்டது.

இதற்குப் பொருத்தமான ஆள் வேண்டுமா? மலேசியாவின் கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்த அதே வருடம்! தேயிலையோ, நட்டவுடன் காசு தருகிற பயிர் அல்ல. ஆனாலும் துணிந்தார்.

நம்பிக்கை துரையுடையது. ரத்தம் யாருடையது? அட்டை கடிக்கும் சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் கப்பலேறிப் போன தமிழர்கள். அவர்களுக்கும் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. நாலு காசு சேர்த்து ஊர் திரும்பிவிடலாம் என்று. பலர் திரும்பவே இல்லை. பேரப்பிள்ளைகள் அங்கேயே, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் 'அ' எழுதப் பழகினார்கள்.