மலைக்கு ஒரு ஜெட், பள்ளத்துக்கு ஒரு ஜெட்

(தோட்ட மண்டபத்தில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் மெக்கானிக் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு சின்னப் பித்தளைத் துண்டைப் பற்றி. சட்டைப் பொத்தானை விடச் சிறியது. நடுவில் ஊசித் துளை. அதற்குப் பெயர் ஜெட். ஸ்கூட்டரின் காபரேட்டருக்குள் இருக்கும். எஞ்சினுக்குப் போகிற பெற்றோலை அளந்து விடுவது இந்தத் துளைதான். "இதற்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று நீங்க கேட்கலாம். இந்தத் துண்டை நான் தெரியாமல் மாற்றியதால்தான் என் அம்மாவின் கை முறிந்தது. அதனால்தான் பேச வந்தேன்.

1998ஆம் வருஷம். என்னிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இருந்தது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம். மேட்டில் ஏறினால் கரும்புகை, இழுவை இல்லை, பெற்றோலும் நிற்காது. "ஜெட்டைச் சின்னதாக்கு" என்று யாரோ சொன்னாங்க. நானும் ஒரேயடியாக மூன்று நம்பர் குறைத்துப் போட்டேன். புகை நின்றது, குதிரை மாதிரி ஏறியது. எனக்கோ பெரிய பெருமை.

அடுத்த மாதம் அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு இறங்கினேன். ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை எல்லாம் தாண்டியாச்சு. கீழே சமதரை வந்ததும் எக்ஸலேட்டரை நன்றாக முறுக்கினேன். கொஞ்ச தூரம்தான். பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொண்டது. பின் சில்லு சுற்றாமல் நின்றுவிட்டது. இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம். அம்மா இரண்டு மாதம் கொழுந்தெடுக்கப் போகவில்லை. பேர் இல்லை, சம்பளமும் இல்லை. நான் மிச்சம் பிடித்த பெற்றோல் காசு எங்கே போனது என்று நீங்களே கணக்குப் பாருங்க.

ஏன் அப்படி நடந்தது? கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்று மெலிந்துபோகும். ஹட்டனில் கடற்கரையை விட ஏறக்குறைய 12 வீதமும், நுவரெலியாவில் 17 வீதமும் குறைவு. ஆனால் ஜெட்டின் துளை அதே துளைதானே? காற்று குறைகிற அளவுக்குப் பெற்றோல் குறையாது. கணக்குப் போட்டால் ஹட்டனில் 6-7 வீதமும், நுவரெலியாவில் ஏறக்குறைய 10 வீதமும் பெற்றோல் கூடிய கலவை வரும். கரும்புகையும் மந்தமும் அதனால்தான்.

மேலே சின்ன ஜெட் போட்டுவிட்டுக் கீழே இறங்கினால் கதை தலைகீழ். அங்கே காற்று தடிப்பு, பெற்றோல் போதாது, எஞ்சின் கொதிக்கும். பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடுகிற பழைய டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். நீண்ட இறக்கத்தில் எக்ஸலேட்டரை மூடிக்கொண்டே வந்தாலும் அப்படித்தான், பிஸ்டன் காய்ந்துபோகும். நான் இரண்டு தப்பையும் ஒன்றாகச் செய்தேன்.

இப்போது நம்ம தோட்டங்களில் ஓடுவது பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்தான். தங்கைமாரும் ஓட்டுறாங்க, சந்தோஷம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மறுபடி திறந்தாங்க. அதனால் பழைய ஸ்கூட்டர்களைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கிறது. புதிதாக வருகிற பலவற்றில் காபரேட்டரே இல்லை, இன்ஜெக்ஷன்தான். அதில் ஜெட் மாற்றுகிற வேலை கிடையாது. காபரேட்டர் உள்ளவர்கள் நான் சொல்வதைக் கேளுங்க.

முதலில், ஜெட்டில் கை வைக்காதீங்க. எயார் ஃபில்டரைப் பாருங்க. அது புழுதி அடைத்திருந்தாலும் கரும்புகைதான் வரும். சோக் சரியாகத் திரும்புகிறதா பாருங்க. பிளக்கைக் கழற்றிப் பாருங்க. இளம் பழுப்பு நிறம் என்றால் கலவை சரி. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூட. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெற்றோல் போதாது, அது ஆபத்து. ஹட்டன் உயரத்தில் ஓடுகிற பல ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்கு ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஸ்லோவைச் சரிப்படுத்தினாலே போதும்.

ஸ்லோவில் நின்றுபோனால் அது ஸ்லோ ஜெட், கலவை ஸ்குரூ சம்பந்தப்பட்டது. இரண்டு பேரை ஏற்றி முழு எக்ஸலேட்டரில் மேடு ஏறும்போது இழுக்காவிட்டால்தான் மெயின் ஜெட். நடு ஓட்டத்தைப் பார்ப்பது ஊசி. எந்த இடத்தில் குறை என்று தெரியாமல் மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. ஸ்குரூவிலும் ஒரு சங்கதி உண்டு. ஸ்குரூ எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பப் பெற்றோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பக் காற்று கூடும். பார்த்துத் திருப்புங்க.

ஃபில்டரும் சோக்கும் சரி, பிளக் இன்னும் கறுப்பு என்றால் மட்டும் மெயின் ஜெட்டைச் சின்னதாக்கலாம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு நம்பர். வழக்கமாக ஏறுகிற மேட்டில் ஏறிப் பாருங்க. எஞ்சின் ஆறியதும் பிளக்கைப் பாருங்க. பிறகுதான் அடுத்த நம்பர். பழுப்பு நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்க. கழற்றிய பழைய ஜெட்டைத் தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துங்க. கீழ்நாட்டுக்கு இறங்கி ஓட்டப்போகிறவர் அதைத் திரும்பப் போட வேண்டும்.

இனி, ஜெட் எங்கே வாங்குவது? டவுன் பார்ட்ஸ் கடையில் கிடைக்காவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. எங்கே போனாலும் பழைய ஜெட்டைக் கையோடு கொண்டுபோங்க. "தொண்ணூறு ஜெட் தாங்க" என்று வாயால் கேட்டு வாங்காதீங்க. சில கம்பனிகள் துளையின் அகலத்தை வைத்து நம்பர் போடுறாங்க. அதில் 90 என்றால் 0.90 மில்லிமீற்றர். மிக்குனியின் ஜெட் பலவற்றில் நம்பர் என்பது பெற்றோல் பாய்கிற அளவு. இரண்டிலும் 90 என்று இருக்கும், துளை ஒன்றாக இராது. மரை, நீளம், தலை மூன்றையும் பழையதோடு வைத்துப் பாருங்க. நம்பர் தெளிவாக இல்லாததையும், துளை நடுவில் இல்லாததையும் வாங்காதீங்க.

துளையைக் கம்பியால் குத்துகிற பழக்கத்தை விட்டுவிடுங்க. மயிரளவு பெருத்தாலும் நம்பருக்கு அர்த்தமில்லை. அடைப்பு இருந்தால் பம்ப்பால் காற்று அடியுங்க, அல்லது காபரேட்டர் ஸ்பிரே அடியுங்க. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கேனிலும் போத்தலிலும் சேர்த்து வைத்தோமே, அதில் இருந்த தண்ணீரும் துருவும் எத்தனை ஜெட்டை அடைத்தன என்று கராஜில் நான் பார்த்தேன்.

கடைசியாகத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் லயத்துக் காம்பராவில் காபரேட்டரைக் கழற்ற விடாதீங்க. பெற்றோல் ஆவி தரையோடு ஊர்ந்து அடுப்பு வரைக்கும் போகும். ஒரு காம்பராவில் பிடித்தால் முழு லயமும் போய்விடும். வேலையை வெளியே, பகல் வெளிச்சத்தில் செய்யச் சொல்லுங்க. பெற்றோலை வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.

என் அம்மா இப்போதும் என் ஸ்கூட்டரில் ஏறுவாங்க. ஏறுவதற்கு முன்னால், "ஜெட்டைப் பார்த்தியா?" என்று கேட்பாங்க. அந்தக் கேள்வியை உங்கள் வீட்டிலும் யாராவது கேட்கட்டும்.