சமாளிக்கிறோம் என்றால் என்ன?

(நூற்றாண்டையொட்டிக் கலகெதரயில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம்மில் யாரிடம் சுகம் விசாரித்தாலும் "சமாளிக்கிறோம்" என்றே பதில் வரும். வைத்தியத் துறையில் உள்ள நாம் அதையும் அளக்க முயல்கிறோம். துன்பத்திலிருந்து மீண்டெழும் ஆற்றலை அளக்க, கொன்னரும் டேவிட்சனும் 2003இல் 25 வினாக்கள் கொண்ட வினாக்கொத்தை வெளியிட்டார்கள். அதன் உச்சப் புள்ளி 100. நெருக்கடியை எப்படிச் சமாளிக்கிறோம் என்று அறிய, கார்வர் 1997இல் 28 வினாக்களைத் தந்தார். பிரசவத்தின் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோல் 1987இல் வந்தது. அதன் 10 வினாக்களில் ஆறாவது, சமாளிப்பதைப் பற்றியது.

அந்த வினாவின் ஆங்கில மூலத்தில், காரியங்கள் நம்மேல் ஏறி அமுக்குவது போன்றதொரு மரபுத்தொடர் இருக்கிறது. அதைத் "தலைக்கு மேல் வேலையா?" என்று பெயர்த்தால், கலியாண வீட்டுக்காரியும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாள்.

சில வருடங்களுக்கு முன் கிளினிக் ஒன்றில் ஓர் இளம் தாயைச் சந்தித்தோம். நன்றாகச் சமாளிப்பதாகவே அடையாளமிட்டிருந்தார். புள்ளி குறைவாக இருந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அடுத்த முறை வந்தபோது முகமே வாடியிருந்தது. பல நாட்களாகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. "சமாளிக்கிறதா எழுதினீங்களே?" என்றோம். "சமாளிக்காட்டி வேற யார் டொக்டர் பாக்கிறது?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாம் அவருடைய பலத்தைக் கேட்டதாக நினைத்தோம். அவர் தம் கடமையைச் சொல்லியிருந்தார்.

எப்போதும் 100 கிராம் கூட்டிக் காட்டும் கடைத் தராசு மாறாமல் ஒரே கணக்கைத்தான் காட்டும்; ஆனாலும் அது பிழையான தராசு. வினாக்கொத்தும் அப்படியே. ஒரே பதில் திரும்பத் திரும்பக் கிடைப்பது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததையே அளப்பது செல்லுபடித்தன்மை. இரண்டையும் சோதிக்க வேண்டும்.

முதலில் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பாராத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு சாதாரணப் பெண்களிடம், "இதை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். கடைசியாக, புள்ளிகளை முறையான நேர்காணலோடு ஒப்பிட வேண்டும். எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூரில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். ஆனால் வேலூர்த் தமிழ் வேறு. கலகெதரச் சுற்றுவட்டத்திலேயே முஸ்லிம் வீடுகளில் ஒரு தமிழ், தோட்டங்களில் ஒரு தமிழ். ஆகவே இங்கும் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, இலங்கை மக்கள் தம் துயரைச் சொன்ன சொற்களிலிருந்தே ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். வெளியூர்ச் சட்டையை வெட்டித் தைக்காமல், நம் அளவெடுத்தே தைத்த சட்டை அது.

சகோதரிகளே, நம் கல்லூரி நமக்கு மொழிகளைத் தந்தது. ஆய்வு மாணவர்கள் வினாக்கொத்தோடு வந்தால் அவசரமாக அடையாளமிட்டு அனுப்பிவிடாதீர்கள். "இந்தக் கேள்வி விளங்கவில்லை" என்று சொல்லுங்கள்; அதுவே பெரிய உதவி. மொழிபெயர்ப்புக்கும் கைகொடுங்கள்.

அந்தத் தாய் சிகிச்சை பெற்றுச் சுகமானார். அன்று நாம் இன்னொரு கேள்வி கேட்டிராவிட்டால்? நம் தோழியரில் யாராவது "சமாளிக்கிறேன்" என்றால், அத்தோடு விட்டுவிடாமல் "எப்படிச் சமாளிக்கிறாய்? யார் துணை?" என்று கேட்போம்.