முடிக்கு ஏற்ற கண்டிஷனர் எது?

பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கண்டிஷனர் வாங்கும் பலர், முதலில் வாசனையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தங்கள் முடியை.

எண்ணெய்ப் பசையுள்ள மெல்லிய முடிக்கு இலேசான கண்டிஷனர் போதும். கனமானது முடியைப் படிய வைத்துவிடும். சுருட்டை முடியும், ரீபாண்டிங் செய்த, சாயம் பூசிய முடியும் எளிதில் வறண்டுவிடும். அவற்றுக்குக் கெட்டியானது வேண்டும். எதுவானாலும் வேரில் தேய்க்காமல், நடுவிலிருந்து நுனிவரை தடவி, இரண்டு நிமிடம் கழித்து அலசுங்கள்.

கண்டிஷனர் முடியின் மேற்புறத்தில் ஒட்டி வழவழப்பாக்கும், சிக்கைக் குறைக்கும். முடியை வளர்க்காது. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கொத்துக் கொத்தாகக் கொட்டினால், அடுத்த புட்டிக்குச் செலவிடும் ரிங்கிட்டை மருத்துவருக்குச் செலவிடுங்கள். இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்கலாம்.